முகத்துக்கு முகம்

பயிற்சித் திடலில் எல்லோரும் அடுத்தவர் முதுகைப் பார்த்தபடி வரிசையாக நின்று கோல்ஃப் பந்தை அடிக்கிறார்கள். தங்கை மட்டும் இடக்கைக்காரி. அதனால் பக்கத்துத் தடுப்பிலிருக்கும் அக்காவுக்கு நேர் எதிரே, கண்ணாடியில் தெரிவதுபோல் நிற்கிறாள். இத்தனை நாளும் வலக்கை மட்டையோடு மல்லுக்கட்டியவளின் கையில் இன்றுதான் முதன்முதலாக இடக்கை மட்டை. பிடியில் புது ரப்பர் வாசம், உள்ளங்கையில் வியர்வை. "இனிமே மட்டை மேல பழி போட முடியாதுடி," என்கிறாள் அக்கா. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசுகிறாள். சுத்தமாக ஒரு 'டக்'. இடுப்பு தானாகத் திரும்புகிறது. மாலை வெயிலில் ஒரு வெள்ளைப் புள்ளி மேலே, இன்னும் மேலே ஏறுகிறது. வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. ஓங்கிய மட்டையை இறக்க மறந்த அக்கா, பந்தை விட்டுவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்க்கிறாள். "விழுந்துருச்சா?"

"இன்னும் இல்லக்கா!"