எச்சரிக்கை

ஆபீஸின் பில்லிங் முழுக்க ஓடும் விர்ச்சுவல் மெஷின், அதாவது சர்வருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், காலையிலிருந்து திறக்கவில்லை. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மவுஸ் அசையாவிட்டாலே ஆளைக் கூப்பிடும் மேதை.

"என்னம்மா ஆச்சு?"

"அதோட டிஸ்க் ஃபைல் பேரை யாரோ மாத்தியிருக்காங்க சார். மெஷின் இன்னும் பழைய பேரையே தேடிட்டு நிக்குது."

"எந்த அறிவு கெட்டவன் பார்த்த வேலை? இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன். யாரும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு நேத்துதானே எச்சரிக்கை போட்டேன். இப்ப என்ன பேர்ல இருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

படித்தேன்.

"'மேனேஜர் உத்தரவு - இந்த ஃபைலின் பெயரை யாரும் மாற்றக் கூடாது.' இதுதான் சார் இப்ப அதோட பேரு."

சுற்றியிருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.