நாளைக்கு வாங்க மிஸ்

"நாளைக்கு வாங்களேன் மிஸ்!"

கதவைப் பாதி திறந்து, சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் நிலக்ஷி. ஈரத் தலையில் சுற்றிய துவாயைக்கூட அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

பிரேமினி வாசற்படியிலேயே நின்றாள். காலையிலிருந்து வீடு வீடாக இதே பதில்தான். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒருவர் கையிலும் பையும் இல்லை.

குப்பை ட்ராக்டரில் உட்கார்ந்திருந்த ஜீவராஜ் கழுத்தை நீட்டினான். "என்ன மிஸ், இங்கயும் நாளைக்குத்தானா?"

"ஆமாண்ணே."

"கடன்காரனைத் திருப்பி அனுப்புற மாதிரியே அனுப்புறாங்க பாருங்க. முந்தியெல்லாம் எல்லாத்தையும் ஒரே பேக்குல கட்டி, ஓடுற ட்ராக்டர்லயே வீசுவாங்க. பாதி என் தலையில விழும். விழுந்தா என்ன, குப்பை வந்துச்சில்ல? நீங்க கோயில் மண்டபத்துல கூட்டம் வச்சீங்க, அதுவும் நின்னு போச்சு."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். பிரேமினிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தலவாக்கலையிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் பார்க்கும் வேலை இது. நகரசபைக்காக வீடு வீடாகப் போய், பிளாஸ்டிக், டின், போத்தல், கடதாசியைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் இந்த ஒரு தெரு. சரியாக வந்தால் டவுன் முழுக்க. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். வயதானவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாச் சொன்ன புள்ள" என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்த ட்ராக்டர், வாரம் தவறாமல் காலியாகத்தான் திரும்பியது.

செயலாளர் நல்ல மனுஷன். அவரே இன்று காலையில் சிங்களத்தில் தன்மையாகச் சொல்லிவிட்டார்: "நீங்க சொன்னது ஜனங்களுக்கு விளங்கல்லைன்னுதான் நினைக்கிறேன் பிரேமினி. இன்னைக்கும் ஒண்ணும் வரல்லைன்னா திட்டத்தை நிறுத்திருவோம்."

திட்டம் நின்றால் அவள் வேலையும் நிற்கும். வீட்டில் அடுப்பெரிவதே அந்த வேலையில்தான்.

அடுத்தது கடைக்கார அழகையா முதலாளியின் வீடு. நெற்றி நிறைய விபூதியோடு அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க மிஸ். பிளேன்டீ ஊத்தச் சொல்லவா?"

"டீ வேணாம் முதலாளி. டின்னு, போத்தல், காட்போட் பெட்டி ஏதாச்சும் இருந்தா..."

"இருக்கு மிஸ். நிறைஞ்சு கெடக்கு." அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வந்தீங்கன்னா, நானே தூக்கி ஏத்திவிடுறேன்."

"நாளைக்கு ட்ராக்டர் மேல் தெருவுக்குப் போயிருமே."

"அப்ப மேல் தெருவுக்கு இன்னைக்குப் போகட்டுமே! அந்தாளு ஓட்டமாட்டேன்னா சொல்றாரு?"

"எனக்கென்ன, எங்க விடச் சொன்னாலும் விடுவேன்" என்றான் ஜீவராஜ்.

"பாத்தீங்களா!" என்று சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசி வீடு வீரம்மாவுடையது. கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள் அவள்தான். வாசல் வரைக்கும் சாம்பிராணி மணத்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே பிரேமினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"அம்மா, நீங்களும் நாளைக்குன்னு சொல்லிராதீங்க. இன்னைக்கும் ட்ராக்டர் சும்மா போச்சுன்னா என் வேலை போயிரும். அவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேனே, ஒருத்தருக்கும் விளங்கல்லையா?"

வீரம்மாவின் முகம் சுருங்கிப் போனது.

"விளங்கல்லையா? யாருக்கு விளங்கல்ல? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா புள்ள."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், பலகை போட்டு, சாக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கழுவிக் காயவைத்த மீன் டின்கள். ஒன்றில் யோகட் கப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி. பால்மா உறைகளை வெட்டி, விரித்து, துடைத்துக் கட்டாகக் கட்டியிருந்தாள். போத்தல் தனி, மூடி தனி. ஒவ்வொரு சாக்கின் மேலும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

பிரேமினி குனிந்து ஒவ்வொரு சாக்காகப் பார்த்தாள். தான் சொன்னதை, சொன்னதற்கும் மேலாகச் செய்து வைத்திருக்கிறாளே!

"இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குள்ள போனாலும் இப்படித்தான் இருக்கும். வேணும்னா போய்ப் பாரு" என்றாள் வீரம்மா.

"அப்புறம் ஏம்மா ஒருத்தரும் குடுக்கல்ல? மாட்டோம்னாவது சொல்லியிருக்கலாமே!"

"இன்னைக்குப் போயி அப்படி ஒரு வார்த்தையை வீட்டு வாசல்ல நின்னு சொல்லுவாங்களா?"

வீரம்மா சாக்குகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவற்றின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு நீதானே சொன்ன, 'இனிமே இதைக் குப்பைன்னு சொல்லாதீங்க, இது உங்க வீட்டு லெட்சுமி'ன்னு? சொல்லிட்டு, வாரா வாரம் வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்து நின்னுக்கிட்டு, லெட்சுமியை ட்ராக்டர்ல ஏத்துங்கங்கிறியே மகளே, உனக்கே நல்லா இருக்கா?"