கோணல் போர்

"புருஷனுக்குக் கருமாதிகூட ஆகல. அதுக்குள்ள புள்ளைங்கள வெயில்ல போட்டு இப்படி வதைக்கிறாளே, இவளும் ஒரு தாயா?"

விருத்தாம்பாள் சொன்னால் முள்ளிப்பட்டுத் தெருவே சொன்ன மாதிரி. அவள் வீட்டுப் பையன் காலையிலிருந்து தறியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். அதை யார் கேட்பது?

களத்தில் கன்னியம்மாள் வைக்கோலை உதறி உதறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் செல்லி அதை வாரி மேலே வீசினாள். சின்னவன் ஜெயவேலு போர் மேல் நின்று சுற்றிச் சுற்றி மிதித்தான். மிதித்தால்தான் போர் இறுகும்; மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

"காலு நோவுதும்மா."

"நோவட்டும். ஓரத்துல நல்லா மிதி."

செத்துப்போன புருஷன் ஜெகநாதனின் அண்ணன் வேணுகோபால், இரண்டு ஆட்களோடு வந்து நின்றார்.

"நீ நவுரும்மா. நாங்க ஒரு மணி நேரத்துல போட்டு முடிச்சிடறோம்."

"வேணாம் மாமா. நாங்களே போட்டுக்கறோம்."

"புள்ளைங்க மூஞ்சப் பாத்தியா? கருத்துப் போயி கெடக்குது."

"வேணாங்க."

தம்பி இருந்தவரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். வேணுகோபாலுக்கு முகம் சுருங்கிப் போனது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் போர் எழும்பிவிட்டது. சின்னப் பிள்ளைகள் போட்டது என்று சொல்லவே முடியாது. அப்படி நிமிர்ந்து நின்றது.

மறுநாள் காலையில் கன்னியம்மாள் போர் மேல் ஏறினாள். உச்சியிலிருந்து வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

செல்லிக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னாம்மா பண்ற?"

"கோணலா கீது. பிரிச்சிட்டு மறுபடி போடலாம்."

"நேராத்தாம்மா கீது."

"சொன்னத செய்யி. தம்பியக் கூப்புடு."

விருத்தாம்பாளுக்கு இது போதாதா? ஓடிப்போய் வேணுகோபாலிடம் சொன்னாள். "உன் தம்பி பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. வந்து பாரு."

அவர் வந்த வேகத்தில் துண்டு தோளில் நிற்கவில்லை.

"இன்னாம்மா பேஜாரு இது? நல்லா கீற போரப் பிரிக்கிறியே. இன்னிக்கோ நாளைக்கோன்னு மழ வந்துகினு கீது. ரேடியோல சொல்லிகினே கீறான். நனைஞ்சா அத்தினியும் மக்கிப் போவும். வருசம் பூரா மாட்டுக்கு இன்னாத்தப் போடுவ?"

கன்னியம்மாள் கீழே இறங்கினாள்.

"மாடு எப்படியோ போவட்டும். இந்தப் புள்ளைங்க இன்னா பாவம் பண்ணிச்சு? அப்பனையும் தூக்கிக் குடுத்துட்டு, உங்கிட்டயும் பாடு படணுமா? நான் கூட்டினு போறேன். என் வீட்டுல வளரட்டும்."

ஜெயவேலுவின் கையைப் பிடித்துவிட்டார். வேலி ஓரம் நின்றிருந்த நாலைந்து பேர், அதுதான் நியாயம் என்றார்கள். கன்னியம்மாள் பையனின் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுடுங்க மாமா. புள்ளைங்க இல்லாம நான் செத்துப் போயிடுவேன்."

"அப்ப ஏன் இப்படி வதைக்கிற? சொல்லு."

"செல்லி, தம்பியக் கூட்டினு போயி தண்ணி குடிச்சிட்டு வா."

அவர் கையை விட்டார். பிள்ளைகள் வீட்டுக்குள் போகும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அவுரு போனதுலருந்து ரெண்டும் படுக்கறதே இல்ல மாமா. நாய் கொரைச்சாக்கூட, அப்பா வந்துட்டாருன்னு கதவத் தொறந்துகினு ஓடுதுங்க. நான் அசந்து கண்ண மூடினா போச்சு. அன்னிக்குச் சின்னவனக் கிணத்துக் கட்ட மேலருந்து புடிச்சு இழுத்தேன். அப்பாவத் தேடறானாம், உள்ள எட்டிப் பாத்துகினு கீறான்."

வேணுகோபால் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மழ வந்து வைக்கோல் போனா போவட்டும் மாமா. நேத்து ஒரு நாள்தான் ரெண்டும் விடியற வரைக்கும் தூங்குச்சுங்க."