பன்னிரண்டாவது எச்சரிக்கை

சவரிமுத்துவின் இரைப்பைப் புற்றைக் குழாய் விட்டு எடுத்த டாக்டர்கள், அது திரும்ப வருகிறதா என்று பார்க்க உள்ளேயே ஒரு சிறு கேமராக் கருவியை ஒட்டிவைத்தார்கள். சிவப்பாக எதைக் கண்டாலும் அது மனைவி ஜெசிந்தாவின் போனை அலற வைக்கும். பதினொரு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பதினொரு முறையும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாவது முறை சவரிமுத்து நாற்காலியை விட்டு எழவில்லை. “போன தடவ ஊறுகா. அதுக்கு முந்தி சூடான டீ பட்டுச் செவந்தது. சலிச்சுப்போச்சு, நான் வரல.”

“எனக்கு மட்டும் ஆசையா? சட்டையப் போடுங்க,” என்றார் ஜெசிந்தா.

இந்த முறை உண்மையாகவே கடுகளவு புற்று இருந்தது. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஜெசிந்தா நிம்மதியில் அழுதார். சவரிமுத்து எரிச்சலோடு சொன்னார்: “இனிமே அது கத்துற ஒவ்வொரு தடவையும் போயே ஆகணுமே.”