வாயில்லா ஜீவன்

"உயிரை விற்காதே! கூண்டைத் திற!"

நாய்க்குட்டி விற்கும் கடையின் வாசலில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார் வக்கீல். அவருக்குப் பின்னால், ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த ஆண்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். "வக்கீல் சார், ஏன் சார் என் வயித்துல அடிக்கிறீங்க?"

"வாயில்லா ஜீவனைக் காசுக்கு விக்கிறீங்களே, மனசு உறுத்தலையா? நாலு மணிக்குள்ள கடையை இழுத்து மூடுங்க!"

"அதென்ன சார் நாலு மணி?"

வக்கீல் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கடைக்காரர் கூண்டுக்குள் உருண்டு விளையாடிய குட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீங்க சொல்றது நியாயம்தான் சார். இனிமே விக்கவே மாட்டேன்."

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் எதிரே பள்ளிக்கூடத்தில் நாலு மணி அடித்தது. பிள்ளைகள் கடையைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஒரு வாண்டு வக்கீலின் கோட்டைப் பிடித்துத் தொங்கியது.

"அப்பா, இன்னிக்காவது அந்த நாய்க்குட்டியை வாங்கித் தாப்பா! தினமும் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றே!"

அட்டை பிடித்திருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "என்னம்மா பண்றது? மாமா இனிமே விக்க மாட்டாராமே!"

"ஆமா கண்ணுங்களா, விக்க மாட்டேன்" என்றபடி கடைக்காரர் கூண்டுகளை அகலத் திறந்துவிட்டார். "காசே வேணாம். ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போங்க!"