மொட்டை திரும்பவில்லை

“திரும்ப மாட்டேங்கிறானே!” என்றான் தச்சன்.

கூடத்தில் விரித்த போர்வையில் மொட்டை உட்கார்ந்திருந்தான். ஆறு மாதமாகியும் தலையில் ஒரு முடிகூட எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு வேறென்ன பெயர் வரும்? சாய்ந்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் தலையணை. முன்னால் அம்மா. பின்னால் கிலுகிலுப்பையும் கையுமாக அப்பா.

அன்று பட்டறைக்கு லீவு. காலை முழுவதும் கொண்டாட்டமாகத்தான் போனது. தச்சன் துண்டால் முகத்தை மூடித் திறந்தான். மொட்டை பொக்கை வாயைக் காட்டிக் குலுங்கினான். கண்ணாடியை எதிரே வைத்தார்கள். உள்ளே இருந்த பயலுக்கு முத்தம் கொடுத்தே கண்ணாடியை எச்சிலாக்கினான். சோப்புக் குமிழி ஊதினார்கள். பிடிக்கப் போய்க் குப்புற விழுந்தான். பிள்ளை விளையாடினானா, பெற்றவர்கள் விளையாடினார்களா என்று சொல்வது கஷ்டம்.

கடைசியாகத்தான் தச்சன் கிலுகிலுப்பையை எடுத்தான். கடையில் வாங்கியதில்லை. அவனே மரத்தில் கடைந்து, பிள்ளை வாயில் வைக்குமே என்று சாயம்கூடப் பூசாமல், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. பின்னால் இருந்து ஆட்டினால் சத்தம் வரும் பக்கம் பிள்ளை திரும்பும், நல்ல விளையாட்டு என்று தடுப்பூசி போடும் நர்சம்மா சொல்லியிருந்தாள்.

வலது பக்கம் ஆட்டினான். இடது பக்கம் ஆட்டினான். மொட்டை தன் கால் கட்டைவிரலை வாய்க்குள் போடுவதிலேயே குறியாக இருந்தான்.

“இன்னும் கொஞ்சம் பலமா ஆட்டேன்,” என்றாள் மனைவி.

ஆட்டிய ஆட்டில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ம்ஹூம்.

தச்சன் கிலுகிலுப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“எனக்கென்னவோ பயமா இருக்கு. இவனுக்குக் காது கேக்கலையோ?”

“கண்டதையும் சொல்லாதே. பிறந்தப்பவே ஆஸ்பத்திரியில பாத்துட்டு, நல்லா கேக்குதுன்னாங்கல்ல?”

“அது அப்போ. நடுவுல அந்தக் காய்ச்சல் வந்துச்சே!”

அவள் முகம் சுண்டிப் போனது. “வேற எதையாவது தட்டிப் பாரு. தட்டு, டப்பா, ஏதாவது...”

“என்னால முடியாது. அதுக்கும் திரும்பலைன்னா? என் நெஞ்சு தாங்காது.”

“கேக்கலைன்னாதான் என்ன? நம்ம பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா? நாம வளர்க்க மாட்டோமா?”

“வளர்ப்போம், யார் இல்லைன்னா? ஆனா பள்ளிக்கூடத்துல, பஸ்சுல, வேலை தேடிப் போற இடத்துல, இவன் படப்போற பாடு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவள் பிள்ளையின் வழுக்கை மண்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். தச்சன் போனை எடுத்து, ‘உடனே வா’ என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்.

சுவரில் இருந்த சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. கதவைத் திறந்தால் அக்கா. அடுத்த தெருவிலிருந்து ஜோடி மாறிய செருப்போடு ஓடி வந்திருந்தாள்.

“என்னடா? பிள்ளைக்கு என்ன?”

“அண்ணி, நீங்களே இதைப் பின்னால இருந்து ஆட்டிப் பாருங்க. இவர் ஆட்டினா திரும்ப மாட்டேங்கிறான்.”

அக்கா மொட்டையின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு ஆட்டினாள். நெற்றி சுருங்கியது. கிலுகிலுப்பையைத் தன் காதோரம் கொண்டுபோய் மறுபடி ஆட்டினாள்.

எழுந்து அவன் எதிரே வந்தாள். “டேய், இதுக்குள்ள என்னத்தடா போட்ட?”

“மணிதான். மர மணி.”

“எவ்வளவு?”

“என் பிள்ளைக்குக் குறை வைப்பேனா? கழுத்து வரைக்கும் நிரப்பி, குச்சியால குத்திக் குத்தி, இன்னும் ஒரு பிடி திணிச்சேன்.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எதிரே அத்தை குலுங்குவதைப் பார்த்து மொட்டையும் சிரித்தான். கணவனும் மனைவியும் திருதிருவென்று விழித்தார்கள்.

“மக்குப் பயலே! உள்ள உருள இடம் இருந்தாத்தானடா சத்தம் வரும்? இது கட்டை மாதிரி கம்முனு கிடக்கு. பிள்ளை எதைக் கேட்டுத் திரும்புவான்?”

கிலுகிலுப்பையை ஓரமாகப் போட்டாள். மொட்டை மறுபடி கால்விரலில் மும்முரமாகும் வரை காத்திருந்து, பின்னால் தள்ளிப் போய் நின்று வாயைத் திறந்தாள்.

மொட்டை வெடுக்கென்று திரும்பினான். திரும்பிய வேகத்தில் தலையணை மேல் உருண்டான்.

தச்சன் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டான். போன உயிர் திரும்பி வந்தது. மனைவி பிள்ளையை வாரி எடுத்து, இரண்டு காதிலும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவளுக்கு.

“இன்னொரு தடவை கூப்பிடுக்கா,” என்றான் தச்சன்.

கூப்பிட்டாள். திரும்பினான். இன்னும் ஒரு தடவை. அதற்கும் திரும்பினான்.

“என்னன்னு கூப்பிட்டீங்க அண்ணி?” என்றாள் மனைவி ஆசையாக.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தத்தையும் கேட்டறியாத தம்பிக்கும் அவன் மனைவிக்கும், அக்கா தன் உச்சந்தலையைத் தடவிக் காட்டி, வழக்கம்போல் கையாலேயே அந்தப் பெயரைச் சொன்னாள்.