வாசலில் மூன்றாவது ஜோடி

நான் பர்மாக்காரன். மனைவி பிம் தாய்லாந்துக்காரி. அவள் நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டிருந்தேன். நாங்கள் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறோமா என்று பார்க்க குடியேற்ற அதிகாரி விரோஜ் வீட்டுக்கு வந்தார்.

வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே அங்கிருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டார். என்னுடையது, பிம்முடையது, இன்னொரு ஜோடி. அந்த மூன்றாவது ஜோடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரை ஒளிச்சு வச்சிருக்க?"

"நாங்க ரெண்டு பேர்தான் சார். அது யாரோடதுன்னே தெரியல."

"உங்காளு ஒருத்தனை விட்டா ஒம்பது பேர் வந்து ஒட்டிக்குவீங்க. எனக்குத் தெரியாதா?"

அலமாரி, குளியலறை, கட்டிலுக்கடி எல்லாம் தேடினார். ஒருவரும் இல்லை. பிம் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

"அந்தச் செருப்புக்காரன் வர்ற வரைக்கும் உனக்கு அனுமதி கிடையாது. மூட்டையக் கட்டு."

வெளியே வந்தால், அவருடைய பூட்ஸைக் காணோம். "திருட்டுக் கூட்டம்" என்று முனகியபடி ஈரச் செருப்பில் காலை நுழைத்தார். அளவு சரியாக இருந்தது. தன் ஜீப்பைத் தாண்டி, தெருக்கோடியில் இருந்த கால்வாய்ப் பக்கம் நடந்தார்.

"சார், வண்டி இங்க நிக்குது" என்றாள் பிம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவரைத் தேடி வேறொரு அதிகாரி வந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது விரோஜோடதாச்சே. அவரை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

 நான் வந்தவருடைய கால் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.